ஒரே டிஸ்க் பெட்டி, ரெண்டு சர்வர்: கைமாத்துறது எப்படி

புதுசா சர்வர் வேலைக்கு வந்த பிள்ளைங்க எங்கிட்ட கேக்குறது பெரும்பாலும் இதுதான். ரெண்டு சர்வர் இருக்கு, டிஸ்க் பெட்டி ஒண்ணுதான், பெட்டியில இருந்து ரெண்டுக்கும் கேபிள் போகுது, ஒரு சர்வர சர்வீஸுக்கு நிப்பாட்டணும்னா டிஸ்க அடுத்ததுகிட்ட எப்படிக் குடுக்கிறது, அங்கன போய் மவுண்ட் பண்ணிட்டா (டிஸ்க ஒரு ஃபோல்டரா சர்வரோட கோத்துவிட்டா) முடிஞ்சுதுல்ல அண்ணாச்சி? முடிஞ்சுதுதான், டேட்டாவோட சோலி முடிஞ்சுது.

நான் செங்கோட்டைக்காரன். புளியரை தாண்டி மலை ஏறுனா ஆரியங்காவு, கேரளா. என் வேலை பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம், கூட வேலை பாக்குறவர் புனலூர்ச் சேட்டன் ஒருத்தர். நாங்க பாத்துக்கிற ஒரு இடத்துல ரெண்டு லினக்ஸ் சர்வருக்கும் அருவிப் பேர வச்சிருக்கோம், ஒண்ணு குத்தாலம், இன்னொண்ணு பாலருவி. இப்ப டிஸ்க் குத்தாலத்துக்கிட்ட இருக்கு, அத பாலருவிக்கு மாத்தணும், அதுக்கு என்னென்ன செய்யணும்னுதான் சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி சின்ன சாமான்ல இருந்து ஆரம்பிப்போம். உங்க டேபிள்ல கேவிஎம் சுவிட்ச் இருக்கும்ல, பட்டன அமுக்குனா கீபோர்டு மவுஸ் மானிட்டர் மூணும் அடுத்த சிஸ்டத்துக்குப் போயிரும். யாரும் யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல, ஏன்னா கீபோர்டு எதையும் மனசுல வச்சுக்கிடுறதில்ல. (ஷிஃப்ட் கீய அமுக்கிக்கிட்டே மாத்துனா சில சுவிட்ச்ல பழைய சிஸ்டம் ஷிஃப்ட் இன்னும் அமுங்கியிருக்குன்னே நெனச்சுக்கிட்டு கெடக்கும், திரும்பப் போய் ஒரு தட்டு தட்டுனா சரியாயிரும்.) அடுத்து பிரிண்டர். எடை மேடையில எல்லாம் ஏ, பின்னு திருகு வச்ச தகரப் பெட்டி ஒண்ணு இருக்கும், ரெண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு டாட் மேட்ரிக்ஸ். ஒரு லாரிக்கு பில் ஓடிக்கிட்டு இருக்கும்போதே திருகிட்டா பாதி பில் எம்சாண்ட் லாரிக்கு, மிச்சப் பாதி வாழத்தார் லாரிக்கு. நட்டம் ஒரு பேப்பர், ரெண்டு டிரைவரோட வசவு. அதோட போச்சு.

டிஸ்க் அப்படி இல்ல. லினக்ஸ் நீங்க எழுதச் சொன்னத அப்பவே டிஸ்க்ல எழுதாது, மொதல்ல மெமரியில வச்சுக்கிடும், சாதாரண செட்டிங்ல 30 செகண்ட் பழசான பிறகுதான் கட்டாயமா கீழ இறக்கும். அதவிட முக்கியம், எந்த இடம் காலி எந்த இடத்துல யாரு ஃபைல் இருக்குங்கிற கணக்கோட ஒரு காப்பியையும் மெமரியிலயே வச்சுக்கிட்டு, அதுதான் நெசம்னு நம்பி வேலை பாக்கும். இப்ப ரெண்டு சர்வர் ஒரே டிஸ்க மவுண்ட் பண்ணா ரெண்டு பேர்ட்டயும் தனித்தனிக் கணக்கு. ஒரே சர்வே நம்பர ரெண்டு புரோக்கரு ரெண்டு பார்ட்டிக்குப் பத்திரம் போட்டா எப்படி இருக்கும், அதேதான். ரெண்டு பத்திரமும் பாக்க ஒழுங்காத்தான் இருக்கும், வீடு கட்டப் போறப்பதான் வெட்டுக்குத்து.

சரி, ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணி சும்மா பாத்துக்கிடலாமான்னு ஒருத்தன் கண்டிப்பா கேப்பான். ஈஎக்ஸ்டி4ங்கிற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்துல ரீட் ஒன்லின்னு சொன்னாலும் ஜர்னல்ல (செய்யப்போற மாத்தத்த முன்னாடியே குறிச்சு வைக்கிற டைரி) பாக்கி இருந்துச்சுன்னா மவுண்ட் ஆகும்போதே அத டிஸ்க்ல எழுதிரும். அந்தப் பக்கம் ஆள் உயிரோட வேலை பாத்துக்கிட்டு இருக்கறப்ப நீங்க இங்க இருந்து அவரு டைரிய எடுத்து மிச்சத்த எழுதி முடிச்ச மாதிரி. வேண்டாம்.

ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2ன்னு ரெண்டு சர்வரும் ஒரே நேரத்துல மவுண்ட் பண்றதுக்குன்னே உள்ள ஃபைல் சிஸ்டம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் பூட்டு கேட்டு வாங்கித்தான் தொடும். இந்த யோசனை புதுசும் இல்ல, டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி 1983லயே வாக்ஸ்கிளஸ்டர்ல ஒரே டிஸ்க பல மெஷின் பங்கு போடுற மாதிரி கொண்டு வந்துட்டாங்க. ஆனா புதுசா படிக்கிறவங்க அந்தப் பக்கம் போக வேண்டாம், நாம பாக்கப் போறது ஒரு நேரத்துல ஒருத்தன் கையில மட்டும் டிஸ்க் இருக்கிற முறை.

நான் இத எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்லிடுறேன், அப்பதான் மிச்சம் மண்டையில ஏறும். சாரல் சீசன், காத்து மழை, கரண்ட் வாறதும் போறதுமா இருக்கு. குத்தாலத்துல மெமரி மாத்தணும்னு டிஸ்க பாலருவிக்கு ஒழுங்கா மாத்தியாச்சு, வேலை முடிஞ்சு குத்தாலத்தையும் ஆன் பண்ணாம மூடி வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ராத்திரி கரண்ட் போச்சு, யுபிஎஸ் பேட்டரி பழசு, எல்லாம் படுத்துருச்சு. கரண்ட் வந்ததும் பயாஸ்ல பவர் வந்தா தானா எந்திரிக்கணும்னு போட்டிருந்ததால ரெண்டு சர்வரும் எந்திரிச்சுது, குத்தாலத்தோட எஃப்ஸ்டாப்ல (ஆன் ஆகும்போது எந்த டிஸ்க மவுண்ட் பண்ணணும்னு எழுதியிருக்கிற ஃபைல்) பழைய வரி அப்படியே இருந்துச்சு, பாலருவியிலயும் நான் அன்னைக்கு சாயந்திரந்தான் ஒரு வரி சேத்திருந்தேன். ரெண்டும் மவுண்ட் ஆச்சு, ரெண்டுலயும் டேட்டாபேஸ் ஓடுச்சு. காலையில போய்ப் பாத்தா ஃபோல்டர் எல்லாம் இருக்கு, பேரு எல்லாம் சரியா இருக்கு, ஒரு ஃபைலத் தொறந்தா உள்ள வேற ஃபைல். முந்தின நாள் பேக்கப்பப் போட்டு, ஒரு நாள் பில்ல கார்பன் காப்பி பாத்து ஒவ்வொண்ணா திரும்ப அடிச்சோம். முழுக்க முழுக்க என் தப்பு. மாத்துற வேலையில ஒரு குறையும் இல்ல, மாத்துனதுக்குப் பிறகு பழைய ஆள் கையில சாவி இருக்கான்னு பாக்கல.

அதனால மொத வேலை, கைமாத்துறதுக்கு முந்தின நாளே செய்ய வேண்டியது: ரெண்டு சர்வர் எஃப்ஸ்டாப்லயும் அந்த டிஸ்க்குக்கான வரியில நோஆட்டோ போட்டுருங்க. டேட்டாபேஸும் தானா ஸ்டார்ட் ஆகக் கூடாது, சிஸ்டம்டியில டிஸேபிள் பண்ணிருங்க. எல்விஎம் (டிஸ்குகளச் சேத்துப் பங்கு போடுற லினக்ஸ் வசதி) வால்யூம் குரூப்ப ஆட்டோ ஆக்டிவேஷன்ல இருந்து எடுத்துருங்க. கரண்ட் போய் வந்தா எந்த சர்வரும் டிஸ்க தானா தொடக் கூடாது, மனுஷன் வந்து சொன்னாத்தான் தொடணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் வருமேன்னு சோம்பல் பட்டா அப்புறம் என் கதைதான்.

ரெண்டாவது, டிஸ்கோட பேர நம்பாதீங்க. குத்தாலத்துல எஸ்டிபின்னு தெரியுறது பாலருவியில எஸ்டிசியா இருக்கும், பாலருவியோட எஸ்டிபி அதோட சொந்த டிஸ்கா இருக்கும், ரீபூட் பண்ணா அதுவும் மாறும். டெவ் டைரக்டரியில டிஸ்க் அடியில பை ஐடின்னு ஒரு ஃபோல்டர் இருக்கு பாருங்க, அங்க டபிள்யூடபிள்யூஎன் நம்பர் இருக்கும், அது டிஸ்க் பிறந்த நம்பர், எந்த சர்வர்ல பாத்தாலும் மாறாது. அந்த நம்பரோட கடைசி நாலு எழுத்த ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பெட்டியில ஒட்டுங்க, ரெண்டு சர்வர்லயும் அதே நாலு எழுத்து தெரியுதான்னு பாத்துக்கிடுங்க. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 மாதிரி புதுசுல எல்விஎம் தனியா ஒரு டிவைஸ் லிஸ்ட் வச்சிருக்கும், அதுல சேக்கலன்னா டிஸ்க் கண்ணு முன்னாடி இருந்தும் வால்யூம் குரூப் தெரியாது. இதுக்கு நான் ஒரு முழு மத்தியானத்த தொலைச்சிருக்கேன்.

இப்ப கைமாத்துற அன்னைக்கு. மேல இருந்து கீழ இறங்கணும், அந்தப் பக்கம் கீழ இருந்து மேல ஏறணும். கொலு படியில மேல இருக்கிற பொம்மைய எடுக்காம படிய உருவ முடியுமா, அந்த மாதிரி. குத்தாலத்துல மொதல்ல அப்ளிகேஷன நிப்பாட்டுங்க, பிறகு டேட்டாபேஸ், பிறகு கிளையண்ட் எல்லாம் வந்து தட்டுற அந்தப் பொது ஐபிய எடுத்துருங்க, நேரம் பாத்து வேலைய ஓட்டுற கிரான்ல பேக்கப் ஸ்கிரிப்ட் ஏதும் அந்த நேரத்துல கிளம்புமான்னும் பாத்துக்கிடுங்க. அப்புறம் யுமவுண்ட், அதாவது மவுண்ட கழட்டுறது.

இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. யுமவுண்ட் அடிச்சா டார்கெட் பிஸின்னு வரும். பத்துல எட்டு தடவை காரணம் நீங்களேதான், அந்த ஃபோல்டருக்குள்ள சிடி பண்ணி உக்காந்துக்கிட்டே யுமவுண்ட் அடிக்கீங்க, வெளிய வாங்க. இல்லன்னா ஃப்யூசர் இல்ல எல்எஸ்ஓஎஃப் அடிச்சா யாரு புடிச்சிருக்காங்கன்னு காட்டும். ரெண்டுலயும் ஒண்ணும் வரல, ஆனாலும் பிஸின்னு சொல்லுதுன்னா நெட்வொர்க்ல மத்த மெஷினுக்கு ஃபோல்டர் குடுக்கிற என்எஃப்எஸ் ஷேர் குடுத்திருக்கீங்களான்னு பாருங்க, அது கெர்னலுக்குள்ளயே ஓடுறதால இந்தக் கமாண்ட் எதுலயும் தலைய காட்டாது. எக்ஸ்போர்ட்ட நிப்பாட்டுனா விடும்.

இந்த நேரத்துல தேடிப் பாத்தா மைனஸ் எல் போட்டு யுமவுண்ட் பண்ணுங்கன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. லேஸி யுமவுண்ட். அத இங்க தொடவே தொடாதீங்க. அது டிஸ்க விடாது, பேர மட்டும் மறைச்சுரும். ஃபைலத் தொறந்து வச்சிருந்த ப்ராசஸ் பின்னாடி எழுதிக்கிட்டே இருக்கும், நீங்க பாக்கும்போது மவுண்ட் லிஸ்ட்ல பேரு இல்ல, ஆகா விட்டுட்டான்னு அந்தப் பக்கம் மவுண்ட் பண்ணுவீங்க. வாடகைக்காரன் பேர்ப்பலகைய கழட்டிட்டு உள்ள தாழ்ப்பாள் போட்டுப் படுத்திருக்கான், அவ்ளோதான் விஷயம். விடலன்னா எதுக்கு விடலன்னு கண்டுபிடிச்சு அந்த ப்ராசஸ நிப்பாட்டுங்க. கண்டுபிடிக்க முடியலன்னா சர்வரயே ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிருங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

யுமவுண்ட் ஆயிருச்சா, மெமரியில இருந்த பாக்கியெல்லாம் அதுவே டிஸ்க்ல இறக்கிட்டுத்தான் ப்ராம்ப்ட் திரும்ப வரும், அதனால பெரிய டிஸ்க்ல கொஞ்ச நேரம் நிக்கும், கண்ட்ரோல் சி அடிக்காதீங்க. அடுத்து விஜிசேஞ்ச்ல மைனஸ் ஏ என் குடுத்து வால்யூம் குரூப்ப டீஆக்டிவேட் பண்ணணும். எல்விஎஸ் அடிச்சுப் பாருங்க, ஆட்ரிப்யூட் வரிசையில அஞ்சாவது எழுத்து சின்ன ஏன்னு இருந்தா இன்னும் ஆக்டிவ், கோடு இருந்தா விட்டாச்சு. பிறகு விஜிஎக்ஸ்போர்ட். இது டிஸ்க் மேலயே இந்த வால்யூம் குரூப் கைமாறிக்கிட்டு இருக்குன்னு குறிச்சு வைக்கும், விஜிஇம்போர்ட் பண்ணாம இனி எவனும் ஆக்டிவேட் பண்ண முடியாது, குத்தாலமே ரீபூட் ஆகி வந்தாலும் முடியாது. ரெண்டு செகண்ட் கமாண்ட், நிறைய பேரு இத விட்டுடுறாங்க.

அடுத்தது பூட்டு. எங்க செங்கோட்டை புனலூர் லைன் மலைப் பாதை, ஒத்தப் பாதை. மீட்டர் கேஜ் வண்டிய 2010ல நிப்பாட்டி 2018ல பிராட் கேஜா தொறந்தாங்க. பழைய ஒத்தப் பாதைகள்ல டோக்கன்னு ஒண்ணு உண்டு, டிரைவர் கையில டோக்கன் இல்லாம அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டிய எடுக்கக் கூடாது. ரெண்டு ஸ்டேஷன்லயும் டோக்கன் மெஷின் இருக்கும், ஒயர்ல ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கும், ஒரு டோக்கன் வெளிய வந்துட்டா அது போய்ச் சேந்து உள்ள விழுற வரைக்கும் எந்தப் பக்கமும் அடுத்த டோக்கன் வராது. ஸ்டேஷன் மாஸ்டரு தூங்கி எந்திரிச்சு குழம்பிப் போய் இழுத்தாலும் வராது. நாம இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் ரெண்டு ஸ்டேஷன் மாஸ்டரு ஃபோன்ல பேசிக்கிட்டது. டோக்கன் மெஷின் இனிமேத்தான்.

டிஸ்க்ல அதுக்குப் பேரு பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன், சர்வரும் டிஸ்கும் பேசிக்கிற ஸ்கஸி 3ல வந்தது. பூட்டு சர்வர்ல இல்ல, டிஸ்குக்குள்ளயே இருக்கு, அதுதான் இதோட அழகு. ஒவ்வொரு சர்வரும் 8 பைட் நீளத்துல ஒரு கீய டிஸ்க்ல பதிவு பண்ணும், பதிவு பண்ண ஒருத்தர் ரிசர்வ் பண்ணுவார், பதிவு இல்லாதவன் எழுத வந்தா டிஸ்கே ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட்னு மூஞ்சில அடிச்சுத் திருப்பி அனுப்பிரும். எஸ்ஜி பெர்சிஸ்ட்ங்கிற கமாண்ட்ல இதெல்லாம் பண்ணலாம், எஸ்ஜி3 யூட்டில்ஸ் பேக்கேஜ்ல வரும். வழக்கமா போடுறது டைப் 5, பதிவு பண்ணவங்க மட்டும் எழுதலாம்ங்கிற வகை. இங்க ஒரு குழி இருக்கு: புதுசா வாறவங்க ரெண்டு சர்வர் கீயையும் பதிவு பண்ணிட்டு டைப் 5 போட்டு பூட்டியாச்சுன்னு நிம்மதியா இருப்பாங்க. ரெண்டு பேரும் பதிவு பண்ணவங்கதானே, ரெண்டு பேரும் எழுதலாமே! குத்தாலத்தோட கீய எடுத்தாத்தான் பூட்டு.

வரிசையும் முக்கியம். விஜிஎக்ஸ்போர்ட் டிஸ்க்ல எழுதுற வேலை, அதனால அத முடிச்ச பிறகுதான் குத்தாலம் ரிசர்வேஷன விட்டு கீய எடுக்கணும், முன்னாடியே எடுத்து, பாலருவியும் ரிசர்வ் பண்ணிட்டா தன் வீட்டுக்கே பூட்டுப் போட்டு வெளிய நின்ன கதை. டிஸ்குக்கு ரெண்டு கேபிள் மல்டிபாத்தா போயிருந்தா ஒவ்வொரு வழியிலயும் கீ தனியா பதிவு ஆகணும், அதுக்கு எம்பாத் பெர்சிஸ்ட் இருக்கு. பதிவு பண்ணும்போது ஏபிடிபிஎல் ஆப்ஷனும் சேத்துப் போடுங்க, பெட்டிக்குக் கரண்ட் போய் வந்தாலும் பூட்டு அழியாது. சாதாரண சாட்டா டிஸ்க், யூஎஸ்பி பெட்டியில இதெல்லாம் எதிர்பாக்காதீங்க. அங்க ஈஎக்ஸ்டி4 வச்சிருந்தா எம்எம்பின்னு ஒரு வசதி இருக்கு, யுமவுண்ட் பண்ணிட்டு டியூன்2எஃப்எஸ்ல ஆன் பண்ணணும். மவுண்ட் பண்ணியிருக்கவன் 5 செகண்டுக்கு ஒரு தரம் ஒரு பிளாக்ல நம்பர மாத்தி எழுதிக்கிட்டே இருப்பான், புதுசா வாறவன் கொஞ்சம் காத்திருந்து நம்பர் மாறுதான்னு பாத்துட்டு மாறுனா ஒதுங்கிருவான். முழுப் பூட்டு இல்ல, ஆனா கதவத் தட்டிட்டு உள்ள போற பழக்கமாவது இருக்கும்.

இப்ப பாலருவி. கீ பதிவு, ரிசர்வ், விஜிஇம்போர்ட், ஆக்டிவேட், மவுண்ட். ஃபைல் தெரியுதான்னு பாத்துட்டு டேட்டாபேஸ், பிறகு ஐபி, பிறகு அப்ளிகேஷன். ஐபி மாத்துனதும் ஆர்பிங் வச்சு நான் இங்க இருக்கேன்னு நெட்வொர்க்குக்கு ஒரு சத்தம் குடுத்துருங்க, இல்லன்னா கவுண்டர்ல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் பழைய மேக் அட்ரஸ்ஸயே ஞாபகம் வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் குத்தாலத்தையே தட்டிக்கிட்டு இருக்கும்.

ரெண்டு பேரு சேந்து செய்யும்போது பேசுற வார்த்தைய முன்னாடியே முடிவு பண்ணுங்க, இது எங்க ஊரு மாதிரி எல்லையில ரொம்ப முக்கியம். ஒரு தரம் சேட்டன் சர்வர் பக்கத்துல, நான் வீட்டுல இருந்து எஸ்எஸ்எச்ல. ஃபோன்ல அவர் சொல்றார், "டிஸ்க் ஒக்கே அழிச்சு". எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. மலையாளத்துல அந்த வார்த்தை அவிழ்த்தாச்சுங்கிற அர்த்தம், பாவம் அவரு கழட்டிட்டேன்னுதான் சொல்லியிருக்கார், என் தமிழ்க் காதுக்கு அழிச்சுட்டேன்னு கேட்டுச்சு. இன்னொரு நாள் "எடுத்து"ன்னார், அவருக்கு அது முடிஞ்ச வேலை, எனக்கு எடுத்து... எடுத்து என்ன செஞ்சீருன்னு அடுத்த வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். இப்ப நாங்க ரெண்டு வார்த்தைதான் வச்சிருக்கோம், ரிலீஸ்டு, டேக்கன். அதுவும் வெறுமன சொன்னா செல்லாது, எல்விஎஸ்ல அந்த அஞ்சாவது எழுத்தையும், டிஸ்க்ல யாரு கீ இருக்குங்கிறதையும் ஸ்கிரீன் ஃபோட்டோ எடுத்து அனுப்பணும். அவரு வார்த்தைய நம்பாம இல்ல, நான் சொன்னாலும் அவரு ஃபோட்டோ கேப்பார்.

குத்தாலம் பதிலே சொல்லலன்னா?

இதுதான் கஷ்டமான இடம். பிங் போகல, எஸ்எஸ்எச் போகல, கவுண்டர்ல கூட்டம், முதலாளி பின்னாடி நிக்கார். பிங் வரலன்னா செத்துட்டான்னு அர்த்தம் இல்ல, நெட்வொர்க் கேபிள் புடுங்கியிருக்கலாம், மெஷின் திணறிக்கிட்டு இருந்து ரெண்டு நிமிஷத்துல முழிச்சுக்கிட்டு மெமரியில இருந்த பாக்கிய எழுத வரலாம். முழுசா செத்த சர்வர் யாருக்கும் தொந்தரவு குடுக்காது, பாதி உயிரோட இருக்கிறதுதான் வம்பு. அதனால எடுக்கிறதுக்கு முன்னாடி அத நிச்சயமா சாகடிக்கணும், கிளஸ்டர்க்காரங்க இதுக்கு ஸ்டோனித்னு பேரே வச்சிருக்காங்க, எதிர்த்த சர்வர தலையில சுட்டுருங்கன்னு அர்த்தம்.

கிட்ட இருந்தா பவர் கேபிளப் புடுங்குங்க. சர்வர்ல பவர் சப்ளை ரெண்டு இருக்கும், ஒண்ண மட்டும் புடுங்கிட்டு விசில் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, ரெண்டையும் புடுங்கணும். தூரத்துல இருந்தா ஐடிராக், ஐஎல்ஓ மாதிரி தனி மேனேஜ்மென்ட் போர்டு வழியா ஆஃப் பண்ணிட்டு, பவர் ஸ்டேட்டஸ் ஆஃப்னு திரும்பக் கேட்டு வாங்குங்க. அதுக்கும் பதில் வரலன்னா ஆஃப் ஆயிருக்கும்னு நெனைக்காதீங்க, பைக்க எடுத்துக்கிட்டு நேர்ல போங்க. பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் போட்டிருந்தா இன்னொரு வழி இருக்கு, பாலருவியில இருந்து தன் கீய பதிவு பண்ணிட்டு ப்ரீஎம்ப்ட்னு குடுத்தா குத்தாலத்தோட கீய டிஸ்க்ல இருந்தே தூக்கிரும், அப்புறம் அது முழிச்சு வந்து எழுதப் பாத்தாலும் நடக்காது. நான் இதப் பண்ணிட்டும் கேபிளப் புடுங்கத்தான் செய்வேன், அது என் பழக்கம்.

இந்த மாதிரி எடுக்கும்போது விஜிஎக்ஸ்போர்ட் எல்லாம் நடந்திருக்காது, மவுண்ட் பண்ணும்போது ஜர்னல் ரீப்ளேன்னு லாக்ல வரும், பயப்பட வேண்டாம், அது அதோட வேலை. டேட்டாபேஸும் தன் பங்குக்கு ரிக்கவரி ஓட்டும், நடுவுல கில் பண்ணாம விடுங்க.

குத்தாலம் சரியாயிட்டா அன்னைக்கே டிஸ்க திரும்பத் தாங்கன்னு அவசரப்படாதீங்க. பாலருவி நல்லாத்தான ஓடுது, ஓடட்டும். கடை சாத்துன பிறகு ஒரு சாயந்திரம், மேல சொன்ன அதே வரிசையில, எதையும் விடாம திருப்புங்க.

இதெல்லாம் நெசமான சர்வர்ல மொத தடவை பண்ணிப் பாக்காதீங்க. விர்ச்சுவல் பாக்ஸ்ல ரெண்டு மெஷின் போட்டு, ஃபிக்ஸட் சைஸ்ல ஒரு டிஸ்க் உண்டாக்கி ஷேரபிள்னு மாத்துனா ரெண்டுக்கும் குடுக்கலாம். யுமவுண்ட், எக்ஸ்போர்ட், இம்போர்ட் எல்லாம் பழகிக்கிடலாம். பூட்டு பழகணும்னா மூணாவதா ஒரு லினக்ஸ் போட்டு டார்கெட் சிஎல்ஐயில ஐஸ்கஸி டிஸ்கா (நெட்வொர்க் வழியா வாற டிஸ்க்) குடுங்க, அதுல பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் வேலை செய்யும். வேணும்னே ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மவுண்ட் பண்ணி ரெண்டுலயும் நூறு ஃபைல் காப்பி பண்ணிட்டு ஃபைல் சிஸ்டத்த சோதிக்கிற எஃப்எஸ்சிகே ஓட்டிப் பாருங்க. ஒரு தரம் அந்த ஸ்கிரீனப் பாத்தா ஆயுசுக்கும் மறக்காது.

கடைசியா ஒரு நோட்டு. ராக் கதவுல கயிறு கட்டித் தொங்க விட்டிருக்கோம், யாரு எப்ப விட்டா யாரு எப்ப எடுத்தா, டிஸ்க் இப்ப எந்த சர்வர்ல, அவ்ளோதான் எழுதணும். நான் தமிழ்ல எழுதுறேன், சேட்டன் மலையாளத்துல எழுதுறார், தேதியும் மணியும் சர்வர் பேரும் ரெண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியும்.